பயணிகளின் கனிவான கவனத்திற்கு.. நான் உங்கள் கேப்டன் பேசுகிறேன்

கடற்கரை - செங்கல்பட்டு மின்சார ரயிலில் போய் வருகிற எல்லோருக்கும் அந்தக் குரல் அத்துப்படி. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு.." வண்டி லேட்டுன்னாலும் சரி, தாம்பரத்தோட நிறுத்திட்டாலும் சரி, அந்தக் கெட்ட செய்தி நமக்குப் புரியிற மொழியில வந்துடும். நாமும் புரியிற மொழியில திட்டிட்டு பஸ் பிடிக்கப் போயிடலாம்.

மறைமலைநகர் பிளாட்பாரத்துல நின்னு அண்ணாந்து பார்த்தா, மீனம்பாக்கத்துல கிளம்பி தெற்கே போற விமானம் சில சமயம் கண்ணுல படும். மதுரை, திருச்சி, தூத்துக்குடின்னு ஏதோ நம்ம ஊருக்குத்தான் போகும். உள்ளே உட்கார்ந்திருக்கிறவங்கள்ல நிறைய பேர் தமிழ் பேசறவங்க. ஆனா ஒலிபெருக்கியில வர்றது பெரும்பாலும் ஆங்கிலம், அப்புறம் இந்தி. டிக்கெட் காசு பல மடங்கு ஜாஸ்தி, மொழி மட்டும் ஒண்ணு கம்மி :-)

விமானி மைக்கை எடுத்து நம்மகிட்ட பேசற அந்த ஒரு நிமிஷத்தைப் பத்தித்தான் இந்தப் பதிவு. (மொழிப் போர்னு நினைச்சு கும்மியடிக்க ஓடி வந்தவங்க கொஞ்சம் பொறுங்க. அதுவும் நடுவுல வரும்.)

2020ல ஒரு வீடியோ வாட்ஸப் குழுக்கள்ல சுத்து சுத்துன்னு சுத்துச்சு. உங்கள்ல பல பேர் பார்த்திருப்பீங்க. இண்டிகோ விமானி பிரிய விக்னேஷ், சென்னையிலிருந்து மதுரை போற விமானத்துல தமிழ்ல அறிவிப்பு செய்யறார். கீழே தெரியறது காவிரி, அது கொள்ளிடம், ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறது ஸ்ரீரங்கம்னு சுத்துலா கைடு மாதிரி காட்டறார். அவ்வளவுதான் விஷயம். புதுசா எந்தத் தகவலும் இல்லை. முக்கொம்புல காவிரி ரெண்டாப் பிரியுதுன்னும், ஸ்ரீரங்கம் ஒரு தீவுன்னும் அஞ்சாங்கிளாஸ்லயே படிச்சதுதான். ஆனாலும் லட்சக்கணக்கான பேர் அதைப் பார்த்தாங்க, பகிர்ந்தாங்க.

ஏன்னு யோசிச்சுப் பார்த்தேன். நம்ம ஊரை நம்ம மொழியில, நம்ம தலைக்கு மேல இருந்து ஒருத்தர் சொல்லி நாம அதுவரைக்கும் கேட்டதில்லை. பேருந்துல கேட்டிருக்கோம், ரயில்ல கேட்டிருக்கோம். கோயில் மைக்குல 'காணாமல் போன குழந்தை'ன்னு கேட்டிருக்கோம். ஆகாயத்துல கேட்டதில்லை.

அடுத்தவர் பிரதீப் கிருஷ்ணன். இவரும் இண்டிகோதான். 2024ல சென்னை - கோவை விமானத்துல அவரோட அம்மா, தாத்தா, பாட்டி மூணு பேரும் பயணிகளா உட்கார்ந்திருக்காங்க. இவர் முன்னாடி வந்து நின்னு தமிழும் ஆங்கிலமும் கலந்து சொல்றார்.. "தாத்தாவோட டி.வி.எஸ் 50ல பின்னாடி உட்கார்ந்து நிறைய சுத்தியிருக்கேன், இன்னைக்கு அவரை நான் கூட்டிட்டுப் போறேன்" அப்படிங்கிற மாதிரி. தாத்தா எழுந்து எல்லோருக்கும் கும்பிடு போடறார். எனக்குத் தெரிஞ்சு அந்த வீடியோவைப் பார்த்துட்டு கண்ணைத் துடைக்காதவங்க கம்மி. டி.வி.எஸ் 50ன்னு ஒரு வார்த்தை போதும், ஒரு தலைமுறையோட கதையே அதுல இருக்கு. அதை ஆங்கிலத்துல மட்டும் சொல்லியிருந்தா பக்கத்து சீட்டுக்குப் புரிஞ்சிருக்கும், தாத்தாவுக்குப் போய்ச் சேர்ந்திருக்குமான்னு தெரியாது.

சரி, இதெல்லாம் மனசுக்கு இதமான சமாசாரம். ஆனா காக்பிட்டுல அந்த மைக்கை வெச்சிருக்கிறது இதுக்கு மட்டும் இல்லை.

விமானிகளுக்குப் பயிற்சியில சொல்லித் தர்ற ஒரு வரிசை உண்டு. முதல்ல விமானத்தை ஓட்டு. அடுத்தது எங்கே போறோம்னு பார். அதுக்கப்புறம்தான் பேசு. பேசறதுலயும் முதல்ல கட்டுப்பாட்டு அறை, அப்புறம் விமானப் பணியாளர்கள், கடைசியாத்தான் நாம. இதுல தப்பே இல்லை. புரொடக்‌ஷன் சர்வர் படுத்துக்கிச்சுன்னா முதல்ல சர்வரை எழுப்பப் பார்ப்போமா, கிளையன்ட்டுக்கு நாலு பக்க மெயில் தட்டிட்டு இருப்போமா? அதே லாஜிக்தான்.

10,000 அடிக்குக் கீழே இருக்கும்போது விமானி ஊர்க்கதை பேசக் கூடாதுன்னு ஒரு விதியே இருக்கு. 1974ல அமெரிக்காவுல சார்லட் நகரத்துக்கிட்ட ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானம் ஒண்ணு தரையிறங்கும்போது விழுந்து, 70க்கும் மேற்பட்டவங்க செத்துப் போனாங்க. கடைசி நிமிஷங்கள்ல விமானிகள் அரசியல், பழைய கார்னு சம்பந்தமில்லாத பேச்சுல இருந்தது காக்பிட் ஒலிப்பதிவுல தெரிய வந்தது. இந்த மாதிரி விபத்துகளுக்கு அப்புறம் 1981ல அமெரிக்காவுல அந்த விதி வந்தது. பிற நாடுகளும் இதே பழக்கத்தை எடுத்துக்கிட்டாங்க. அதனாலதான் விமானி நம்மகிட்ட சாவகாசமாப் பேசறது எப்பவும் மேலே போய் நிலைச்ச பிறகு. ஏறும்போதும் இறங்கும்போதும் அவர் அமைதியா இருந்தா, வேலையில கவனமா இருக்கார்னு அர்த்தம்.

ஆனா ஒரு விஷயம். சர்வர் எழுந்த உடனே கிளையன்ட்டுக்கு ரெண்டு வரி மெயில் போயே ஆகணும். அது போகலைன்னா, ஓடிட்டிருக்கிற சர்வரையும் அவன் நம்ப மாட்டான். அந்த ரெண்டு வரி எப்படி இருக்கணுங்கிறதுக்கு உலகம் முழுக்கக் காட்டற உதாரணம் ஒண்ணு இருக்கு.

1982 ஜூன் 24. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 9. போயிங் 747, உள்ளே 248 பயணிகள், 15 பணியாளர்கள். இந்தோனேஷியாவுல ஜாவாவுக்குத் தெற்கே ராத்திரி 37,000 அடியில போயிட்டிருக்கும்போது கலுங்குங் எரிமலையோட சாம்பல் மேகத்துக்குள்ள நுழைஞ்சிடுச்சு. எரிமலைச் சாம்பல்னு அப்ப உள்ளே யாருக்கும் தெரியாது. நாலு இன்ஜினும் ஒண்ணொண்ணா நின்னு போச்சு. கேப்டன் எரிக் மூடி மைக்கை எடுத்து சொன்னதை நம்ம பாஷையில சொன்னா இப்படி வரும்: "கேப்டன் பேசறேன். நமக்கு ஒரு சின்னப் பிரச்னை. நாலு இன்ஜினும் நின்னு போச்சு. திரும்ப ஓட வைக்க எங்களால ஆனதெல்லாம் பண்ணிட்டிருக்கோம். நீங்க ரொம்பக் கலவரப்படலைன்னு நம்பறேன்."

நாலு இன்ஜினும் நின்னு போறது சின்னப் பிரச்னையாம்! ஆனா கவனிச்சுப் பாருங்க. பொய் சொல்லலை, மறைக்கலை, பயமுறுத்தவும் இல்லை. என்ன நடந்தது, என்ன செய்யறோம், நீங்க எப்படி இருக்கணும்.. மூணும் இருக்கு. சுமார் 13 நிமிஷம் கிளைடர் மாதிரி மிதந்து இறங்கி, சாம்பலுக்கு வெளியே வந்ததும் இன்ஜின்கள் உயிர் பிடிச்சு, ஜகார்த்தாவுல பத்திரமா இறங்கிட்டாங்க. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலை. மூடி 2024ல காலமானார்.

இப்ப எங்க வீட்டுக் கதைக்கு வர்றேன்.

அம்மா மதுரைப் பக்கம். என்னைப் பார்க்க வரணும்னா பாண்டியன்ல ஏறி விடியக்காலையில செங்கல்பட்டுல இறங்குவாங்க. நான் வண்டியோட போய் நிப்பேன். முழங்கால் வலி அதிகமானதால ராத்திரி முழுக்க ரயில் வேணாம்னு போன தடவை விமானத்துல டிக்கெட் போட்டேன். எந்த நிறுவனம்னு சொல்லப் போறதில்லை, ஏன்னா இது ஒருத்தரோட தப்பு இல்லை. அம்மாவுக்கு முதல் விமானம். மதுரையில அண்ணன் ஏத்தி விட்டான், சென்னையில நான் காத்திருந்தேன். நடுவுல ஒரு மணி நேரம்தான் தனியா.

சென்னையில இறங்கப் போற நேரம். கட்டடமெல்லாம் பெருசாத் தெரிய ஆரம்பிச்சாச்சு. திடீர்னு இன்ஜின் சத்தம் ஏறி, மூக்கைத் தூக்கிட்டு விமானம் திரும்ப மேலே போயிடுச்சு. கோ-அரவுண்ட்னு சொல்வாங்க. ஓடுபாதையில முன்னாடி இறங்கின விமானம் இன்னும் விலகாம இருக்கலாம், காத்து ஒத்து வராம இருக்கலாம், இறங்கற வேகமோ உயரமோ கணக்குக்குள்ள இல்லாம இருக்கலாம். சந்தேகம்னா மேலே போயிடு, சுத்திட்டு வந்து மறுபடி இறங்குன்னுதான் விமானிக்குச் சொல்லியிருக்கு. பாதுகாப்பான காரியம். நாலஞ்சு நிமிஷம் கழிச்சு விமானி பேசினாராம். ஆங்கிலத்துல, அப்புறம் இந்தியில. அவர் ஒழுங்காத்தான் விளக்கியிருப்பார். அம்மாவுக்குப் புரிஞ்சது 'சென்னை'ங்கிற ஒரு சொல். பக்கத்துல ஒருத்தர் காதுல ஹெட்போன், அந்தப் பக்கம் ஒருத்தர் தூக்கம்.

வெளியே வந்ததும் அம்மா முதல்ல சொன்னது இதுதான்: "ஏய்யா, அந்தத் தம்பி மைக்குல என்னமோ சொன்னாரு. நல்லதா கெட்டதான்னு தெரியல. மூஞ்சியப் பாத்தாலாவது கண்டுபிடிக்கலாம், அதுவும் தெரியல. உங்க அப்பாவ நினைச்சுக்கிட்டு கண்ண மூடி உக்காந்துட்டேன்யா."

அந்தக் கால் மணி நேரம் அம்மா சாகறதுக்குத் தயாரா உட்கார்ந்திருந்திருக்காங்க. தேவையே இல்லாம.

வண்டியில வரும்போது விளக்கினேன். மாட்டுத்தாவணிக்குள்ள பஸ் நுழையுது, நிக்க வேண்டிய இடத்துல இன்னொரு பஸ் இன்னும் கிளம்பாம நிக்குது, டிரைவர் ஒரு ரவுண்டு அடிச்சுட்டு வந்து நிறுத்தறார்.. அதுதாம்மா இதுன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "அம்புட்டுத்தானா? இத அந்தத் தம்பி சொல்லியிருந்தா நான் பாட்டுக்கு வேடிக்கை பாத்துக்கிட்டு வந்திருப்பேன்ல?" திரும்பிப் போனது பாண்டியன்லதான். முழங்கால் வலியோட. இனிமே பிளேன் வேண்டாமாம்.

இந்தக் கதையை ஆபீஸ்ல சொன்னப்ப நண்பன் ஒருத்தன் கேட்டான், "இங்கிலீஷ் தெரியாதவங்களைத் தனியா ஏன்டா பிளேன்ல அனுப்பறே?" அவன் கெட்டவன் இல்லை. நம்மாளுங்க நிறைய பேர் மனசுல இருக்கிற கேள்விதான். சென்னை விமான நிலையத்துல ஒரு மணி நேரம் நின்னு பாருங்க. மகளுக்குப் பிரசவம் பார்க்க அமெரிக்கா போற அம்மாக்கள், வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போற தம்பிகள், ஆஸ்பத்திரிக்கு வந்துட்டுப் போற பெரியவங்க.. மேல்தட்டு சமாசாரமா இருந்த காலம் போய் எத்தனையோ வருஷம் ஆச்சு. குறைந்த கட்டண விமானத்தைப் பத்தி படமே எடுத்து 2020ல நாம எல்லோரும் கைதட்டிப் பார்த்தாச்சு. ஏழையை ஏத்தி விடறதைக் கொண்டாடினோம், ஏறினவர்கிட்ட எந்த மொழியில பேசறதுங்கிறதை மட்டும் விட்டுட்டோம்.

ஆங்கிலம் தெரிஞ்ச நமக்கே எவ்வளவு புரியுதுன்னு வேற ஒரு கேள்வி இருக்கு. 2009 ஜனவரி 15, நியூயார்க்கில் ஹட்சன் ஆத்துல விமானத்தை இறக்கறதுக்கு முன்னாடி கேப்டன் சல்லன்பர்கர் பயணிகளுக்குச் சொன்னது மொத்தமே ரெண்டு குட்டி வாக்கியம். கேப்டன் பேசறேன், "பிரேஸ் ஃபார் இம்பாக்ட்". 155 பேரும் பிழைச்சாங்க. எனக்கு பிரேஸ்னா புரோகிராம்ல வர்ற கர்லி பிரேஸ், இல்லைன்னா பல்லுக்குப் போடற கம்பி :-) "தலையைக் குனிஞ்சு முன் சீட்டைப் பிடிச்சுக்கங்க"ன்னு அது உடம்புக்குப் புரியணும்னா, அரை நொடியில தாய்மொழிதான் புரியும்.

சீட் பெல்ட் சமாசாரமும் அப்படித்தான். 2024 மே 21 அன்னைக்கு லண்டன் - சிங்கப்பூர் விமானம் எஸ்.க்யூ 321 மியான்மர் மேல போகும்போது கடுமையான குலுக்கல்ல மாட்டுச்சு. 4.6 நொடிக்குள்ள 178 அடி இறங்கிடுச்சுன்னு சிங்கப்பூர் விசாரணை அமைப்போட முதல்கட்ட அறிக்கை சொல்லுது. ஒருத்தர் இறந்துட்டார், பல பேருக்கு பலத்த அடி. பெல்ட் போடாம இருந்தவங்க கூரையில போய் முட்டினாங்க. இந்த மாதிரி நேரத்துல "பெல்ட்டைப் போடுங்க"ங்கிறது வெறும் உபசாரம் இல்லை.

சரி, மொழிப் போர். கனடாவுல இதுக்கு நிஜமாவே ஒரு போர் நடந்திருக்கு. கியூபெக் மாகாணத்துல பிரெஞ்சு பேசற விமானிகளும் கட்டுப்பாட்டு அறைக்காரங்களும் தங்களுக்குள்ள பிரெஞ்சுல பேசிக்கலாமான்னு சண்டை. ஆங்கிலம் மட்டும்தான் பாதுகாப்புன்னு 1976 ஜூன்ல, மாண்ட்ரியல் ஒலிம்பிக்ஸுக்குக் கொஞ்சம் முன்னாடி, விமானிகள் வேலைநிறுத்தமே பண்ணினாங்க. விசாரணைக் குழு போட்டு ஆராய்ஞ்சு, ரெண்டு மொழியும் பாதுகாப்புதான்னு 1979ல சொல்லிட்டாங்க. அங்கே சண்டை விமானிக்கும் தரைக்கும் நடுவுல உள்ள பேச்சுக்கு. நாம கேக்கறது அதுல பாதி கூட இல்லை. விமானி கட்டுப்பாட்டு அறையோட ஆங்கிலத்துலயே பேசட்டும். எங்க அம்மாகிட்ட மட்டும் தமிழ்ல பேசட்டும்.

பக்கத்துல பாருங்க. சிங்கப்பூர் மெட்ரோ ரயில்ல தமிழ் அறிவிப்பு வருது. இலங்கை விமானத்துல ஆயுபோவனுக்கு அப்புறம் வணக்கம் வருது. அதெல்லாம் அந்த நாடுகள்ல தமிழ் ஆட்சிமொழிங்கிறதால வர்றது. நமக்கு ஒரு விமானியோட நல்ல மனசால வருது. அவருக்கு லீவுன்னா தமிழுக்கும் லீவு.

அப்புறம், எந்தத் தமிழ்னு ஒரு பஞ்சாயத்து இருக்கு. எங்க ஊர் பேரே மறைமலை அடிகள் பேர். வேதாசலம்னு இருந்த தன் பேரையே மறைமலைன்னு மாத்திக்கிட்டு, 1916ல தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கினவர். ஞானசாகரம்ங்கிற தன்னோட பத்திரிகையை அறிவுக்கடல்னு ஆக்கினவர். அவர் குடியிருந்தது பல்லாவரம். மீனம்பாக்கம் ஓடுபாதைக்கு அடுத்த ஊர்! அவர் இருந்திருந்தா விமானம்ங்கிற சொல்லே வேண்டாம்னு வானூர்தின்னு மாத்தச் சொல்லியிருப்பார்னு நினைக்கிறேன். வானவூர்திங்கிற சொல் புறநானூற்றுலயே இருக்கு. ஆனா அது ஓட்டுநர் இல்லாமலே போற ஊர்தி, அதனால அறிவிப்புப் பிரச்னையே கிடையாது :-)

அடிகள் மேல மரியாதை உண்டு. அவர் மாதிரி ஆட்கள் இல்லாட்டி இந்தப் பதிவை இவ்வளவு தமிழ்ல எழுதியிருக்கக்கூட மாட்டேன். ஆனா குலுங்கற விமானத்துல "வளிமண்டலக் கொந்தளிப்பின் காரணமாக இருக்கைப் பட்டையை அணியுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்"னு சொன்னா, அம்மாவுக்கு அதுவும் இன்னொரு இந்திதான். "பிளேன் கொஞ்சம் குலுங்கும், பெல்ட்டைப் போட்டுக்கங்க" போதும். அச்சுல தனித்தமிழ் அழகு, ஆபத்துல அடுப்படித் தமிழ்தான் அழகு.

"தமிழ் தெரியாத விமானி என்ன பண்ணுவார்?" நியாயமான கேள்வி. மதுரைக்கு ஓட்டறவர் லூதியானாக்காரரா இருக்கலாம். இதுக்கு பதில் நம்ம பிரதீப் கிருஷ்ணனே சொல்லிட்டார். 2024லயே சென்னை - மும்பை விமானத்துல தனக்குத் தெரிஞ்ச தத்தக்கா பித்தக்கா இந்தியில அறிவிப்பு செஞ்சார். ஆண்பால் பெண்பால் எல்லாம் தடுமாறுது. வழியில கொஞ்சம் ஆடும், அப்ப பெல்ட் சிக்னல் போடுவேன், நானும் போட்டுக்குவேன்னு சொல்றார். கேட்டவங்க சிரிச்சாங்க, கைதட்டினாங்க. இந்திக்காரங்க யாரும் இலக்கணப் பிழைன்னு கோவிச்சுக்கலை. ஒரு தமிழர் இந்தியில இதைப் பண்ண முடியும்னா, ஒரு லூதியானாக்காரர் தமிழ்ல மூணு வரி படிக்க முடியாதா? பதிவு பண்ணி வெச்சுக்கூட போடலாம். பொத்தானை அமுக்கினா வந்துட்டுப் போகுது. நம்ம வேலைக்காரங்க பாஷையில சொன்னா இது பெரிய புராஜெக்ட் இல்லை, ஒரு ஸ்பிரிண்ட் கூட ஆகாது.

அதனால, தமிழ் தெரியாத விமானிகளுக்காக நானே ஒரு சீட்டு எழுதி வெச்சிருக்கேன். காசு வேண்டாம், காப்பிரைட்டும் இல்லை. எந்த எழுத்துல வேணும்னாலும் எழுதிப் படிச்சுக்கலாம்.

ஒண்ணு: "வணக்கம். கேப்டன் பேசறேன். பிளேன் கொஞ்சம் குலுங்கும். பயப்பட வேண்டாம். பெல்ட்டைப் போட்டு உட்காருங்க."

ரெண்டு: "இறங்கற இடம் இன்னும் சரியாகலை. ஒரு சுத்து சுத்திட்டு இறங்குவோம். பிளேன் நல்லா இருக்கு."

மூணு: "தாமதத்துக்கு மன்னிக்கணும். இன்னும் கால் மணி நேரம் ஆகும்."

ரெண்டாவது சீட்டுல கடைசி வாக்கியத்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விட்டுடாதீங்க கேப்டன். மத்ததை எப்படி உச்சரிச்சாலும் பரவாயில்லை, நாங்க புரிஞ்சுப்போம்.

டிஸ்கி 1: நெல்லைத் தமிழ், கொங்குத் தமிழ்ல இந்த மூணு சீட்டையும் யாராவது எழுதித் தந்தா சேர்த்துக்கலாம். "ஏங்க, பிளேன் செத்த ஆடுமுங்க"ன்னு கோவை விமானத்துல கேக்கணும்னு ஆசையா இருக்கு.

டிஸ்கி 2: பகல்ல சென்னையிலிருந்து தெற்கே போறவங்க இடது பக்க ஜன்னல் கேட்டு வாங்குங்க. கடல் அந்தப் பக்கம்தான். மேகம் இல்லைன்னா மாமல்லபுரம் கரை, கல்பாக்கம், பெரும்பாலும் மணலாவே கிடக்கிற பாலாறு கடல்ல சேர்ற இடம் எல்லாம் தெரிய வாய்ப்பு இருக்கு. யாரும் மைக்குல சொல்ல மாட்டாங்க, அதான் நான் சொல்லி வெச்சேன்.